பூக்கட்டிப் பார்த்த காலேஜ்

ஜூன் 14 (ப்ளஸ் ஒன்)

டைரி என்றால் முதல் பக்கத்தில் பெயரும் ஊரும் எழுத வேண்டும். முப்பிடாதி, புளியங்குடி. ரத்த வகையும் கேட்டிருக்கிறார்கள், தெரியாது.

இன்று தாரணியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பெற்றோர் என்று பெயர்தான், வந்ததெல்லாம் அம்மாக்கள். ஒரே ஒரு அப்பா வந்திருந்தார், அவரும் போன் வந்ததென்று பாதியில் எழுந்து போய்விட்டார். வகுப்பு டீச்சர் ஜெசிந்தா நன்றாகப் பேசினார். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு காலேஜைப் பற்றி யோசிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலையாம். இப்போதே தொடங்க வேண்டுமாம். முதல் படியாக வீட்டுக்கு ஒருவர் டைரி போட்டு, பிள்ளை எதை விரும்பிப் படிக்கிறது, எதைக் கண்டால் கொட்டாவி விடுகிறது என்று எழுதி வரச் சொன்னார். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். எழுதப் போகிறவள் நான் ஒருத்திதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நானும் ப்ளஸ் டூ படித்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு பலசரக்குச் சிட்டை தவிர ஒன்றும் எழுதியதில்லை. உரக்கடையில் கொடுத்த பழைய டைரியைத் தூசி தட்டி எடுத்தாயிற்று. இனி இந்த வீட்டில் ஒரு கொட்டாவிகூட என் கண்ணுக்குத் தப்பாது.

ஜூன் 21

காலையில் இயற்பியல், சாயங்காலம் உயிரியல். உயிரியல் படிக்கும்போது காலை ஆட்டிக்கொண்டே படிக்கிறாள். இயற்பியலுக்குக் கால் ஆடுவதில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

நான் இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். கிரைண்டர் சத்தத்தில் பிள்ளை படிக்க முடியாது என்று அவள் பள்ளிக்கூடம் போன பிறகே ஆட்டுகிறேன். நேரம் தவறி மாவு கேட்டு வருகிறவர்களை, “பிள்ள படிக்கா” என்று திருப்பி அனுப்புகிறேன். கலெக்டருக்குப் படிக்கிறாளா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். காலேஜுக்குப் படிக்கிறாள் என்றேன்.

ஜூலை 12

ஆளுக்கு மூன்று காலேஜ் பெயர் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். அம்மாவும் மகளும் உட்கார்ந்தோம். தாரணி சென்னை என்றாள். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது என்றேன். கோயம்புத்தூர் என்றாள். குளிர், உனக்குச் சளி பிடிக்கும். திருச்சி. வெயில். மதுரை. கொசு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் தான் எங்கேதான் படிப்பது என்று கேட்டாள்.

திருநெல்வேலியில் இல்லாத காலேஜா, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் சூடாகக் காப்பி குடிக்கலாம் என்று சொன்னேன்.

“காலேஜுக்குப் போறதே காப்பி குடிக்கத்தானாம்மா?” என்றாள். வாய் அப்படியே அவள் அத்தை வாய்.

பக்கத்திலேயே இருந்தால் அவளுக்குத்தான் நல்லது. சாப்பாடு, துணி, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு நடக்கும். எனக்காகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4

வெள்ளிக்கிழமை. அவருக்கு லீவு, போன் வரும் நாள். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருக்கிறார். தாரணி கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவார். பெட்டியைப் பிரிக்கிற வாரமும் திரும்பக் கட்டுகிற வாரமும் போக, நடுவில் கொஞ்சம் புருஷன்.

காலேஜ் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை எங்கே ஆசைப்படுகிறாளோ அங்கே படிக்கட்டும் என்றார். அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு நல்லவராக இருப்பது சுலபம்.

ஏதாவது வேண்டுமா என்று வழக்கம்போல் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று வழக்கம்போல் சொன்னேன்.

செப்டம்பர் 27

தாரணியை என்.எஸ்.எஸ். முகாமுக்கு அனுப்பியாயிற்று. மலையடிவாரத்தில் ஒரு கிராமம், ஒரு வாரம். இவள் இல்லாத நேரத்தில் வீட்டை நிம்மதியாகச் சுத்தம் செய்யலாம்.

செப்டம்பர் 28

வீட்டைச் சுத்தம் செய்தேன்.

செப்டம்பர் 29

மறுபடியும் சுத்தம் செய்தேன்.

செப்டம்பர் 30

டிவி காலையிலிருந்து ஓடுகிறது. என்ன படம் என்று கேட்டால் தெரியாது. ஒரு ஆளுக்கு உலை வைப்பது பெரிய இம்சை, அரிசி அளப்பதற்குள் பசி போய்விடுகிறது. பேச்சியம்மாள் மதினி வீட்டில் ஏதாவது வேலை இருக்கும் என்று போனேன். மதினி அவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் மழை வருகிற மாதிரி இருந்ததால் அங்கேயே படுத்துக்கொண்டேன்.

மழை வரவில்லை.

அக்டோபர் 4

வந்துவிட்டாள். கறுத்து, இளைத்து, வாய் ஓயாமல். முகாமில் பேச ஒரு வனவர் வந்தாராம், பெண், காக்கிச் சட்டை, பூட்ஸ். யானைகள் ஏன் நம் ஊர் எலுமிச்சைத் தோட்டங்களில் இறங்குகின்றன, எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்பும், அந்த வழியை நாம் எப்படியெல்லாம் அடைத்துவிட்டோம் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினாராம். கூட்டம் முடிந்ததும் இவள் போய், நீங்கள் என்ன படித்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். வனவியல், நான்கு வருடம், மேட்டுப்பாளையத்தில் காலேஜ் என்று சொன்னாராம்.

“நானும் அதாம்மா படிக்கப் போறேன்.”

யானையைப் பற்றிப் படிக்க நான்கு வருடமா என்று கேட்டேன். யானை மட்டுமில்லை, மரம், மண், ஓடை, காட்டுத் தீ என்று அடுக்கினாள். பேசி முடிக்கிறவரை கால் ஆடிக்கொண்டே இருந்தது. டீச்சர் எழுதச் சொன்னார் என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 19

மேட்டுப்பாளையத்தை மேப்பில் காட்டினாள். ஊட்டிக்குப் போகிற வழி என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். இங்கிருந்து புறப்பட்டால் ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போய்விடும். குளிர், கொசு, யானை மூன்றையும் ஒரே ஊரில் தேடிப் பிடித்திருக்கிறாள் என் மகள்.

அவளோ எல்லாவற்றையும் விசாரித்துவிட்டாள். எந்தெந்தப் பாடத்தின் மார்க்கைச் சேர்ப்பார்கள், போன வருடம் கட்-ஆஃப் எவ்வளவு, விண்ணப்பம் எப்போது வரும் எல்லாம் விரல் நுனியில். அங்கே படிக்கிற ஒரு பெண்ணை ஜெசிந்தா டீச்சர் மூலம் பிடித்துப் போனில் பேசியும்விட்டாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிறவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். நான் பேச்சில் எதுவும் கலந்துகொள்ளவில்லை.

ஜனவரி 23

அடிவாரத் தோப்பில் இரவு யானை புகுந்து வேலியைச் சாய்த்துவிட்டது. காலையில் ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நாங்களும் போனோம். தோப்புக்காரர் வயிறு எரிந்து கத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய்த் தாரணி, யானை எலுமிச்சையைத் தொடவில்லை, ஓரத்து வாழைக்குத்தான் வந்திருக்கிறது, வாழையை அடிவாரம் ஓரமாக வைக்காதீர்கள் மாமா என்றாள். அடி வாங்கப் போகிறாள் என்று பயந்தேன். அவர் வேலியையும் வாழையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் பிள்ளை இது என்று கேட்டார். என் பிள்ளை என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வயிற்றில் ஏதோ செய்தது. காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

மார்ச் 25

ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 11 (ப்ளஸ் டூ)

டைரியை மாதக்கணக்கில் தொடவில்லை. தாரணி இப்போது தன் துணியைத் தானே துவைக்கிறாள். ஹாஸ்டலுக்குப் பழகுகிறாளாம். குழம்பில் உப்புக் குறைந்தாலும் கேட்காமல் சாப்பிடுகிறாள், அதுவும் ஹாஸ்டலுக்காம். இந்த வீட்டில் சோப்புக்கும் உப்புக்கும் பஞ்சமா என்று கத்தினேன். சிரித்தாள். அவள் துவைத்த சட்டையில் காலர் அழுக்கு அப்படியே இருந்தது, எடுத்து மறுபடி துவைத்தேன்.

பிப்ரவரி 15

சண்டை. மேட்டுப்பாளையம் வேண்டாம் என்று இன்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். திருநெல்வேலியில் தாவரவியல் படி, அதுவும் மரம் செடிதானே என்றேன்.

“ஏன் வேண்டாங்கே? நெசமான காரணம் ஒண்ணு சொல்லும்மா, நான் கேக்கேன்.”

குளிர் என்றேன். தூரம் என்றேன். பெண்பிள்ளை காட்டில் என்ன வேலை பார்க்கும் என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் அமைதியாகப் பதில் சொன்னாள். பதில் எல்லாம் சரியாகவே இருந்தது, அதுதான் ஆத்திரம். பிள்ளை பெரிய படிப்பும் படிக்க வேண்டும், என் பக்கத்திலேயும் இருக்க வேண்டும் என்றால் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைதான். எந்த அம்மாவுக்குத்தான் இல்லை? காரணம் சொல்லியாயிற்று. இன்னும் என்ன நெசமான காரணம்.

ஏப்ரல் 10

பரீட்சை முடிந்தது. வீட்டில் மறுபடி அதே பேச்சு. பஞ்சாயத்துக்கு வந்த மதினி, ரெண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அம்மனிடம் பூக்கட்டிக் கேட்டுவிடுங்கள் என்றாள்.

எங்கள் பக்கம் பெண் எடுப்பதா, நிலம் வாங்குவதா, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வதா, எதிலும் மனம் இரண்டாக நின்றால் இப்படிக் கேட்போம். ஒரு இலைத்துண்டில் செவ்வரளி, இன்னொன்றில் நந்தியாவட்டை. வெளியே நிறம் தெரியாமல் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் நிறம்தான் அம்மன் வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

சிவப்பு வந்தால் மேட்டுப்பாளையம், வெள்ளை வந்தால் திருநெல்வேலி என்று பேசிக்கொண்டோம். தாரணி கொஞ்ச நேரம் யோசித்தாள். அம்மன் வேண்டாமென்றால் தான் போகவில்லை என்று ஒத்துக்கொண்டாள். அவள் அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

ஏப்ரல் 12

பூசாரிக்குக் கையில் கட்டு. நானே கட்டித் தருகிறேன் என்று தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டினேன். தாரணி பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு சின்னப் பெண் குழந்தை எடுத்துக் கொடுத்தது. வெள்ளை.

தாரணி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எடுக்காத பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கொண்டு போனாள். திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அழுதிருப்பாள் என்று நினைத்தேன், முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. “சரிம்மா, திருநெல்வேலியே போறேன்” என்றாள்.

அம்மன் உத்தரவு. நான் என்ன செய்ய முடியும்.

ஏப்ரல் 13

கோயிலுக்கு வாங்கிக்கொண்டு போன செவ்வரளி அத்தனையும் அப்படியே பையில் இருந்திருக்கிறது. வாடிப்போய்விட்டது. குப்பையில் போட மனமில்லாமல் முருங்கை மரத்தடியில் கொட்டினேன்.

மே 9

ரிசல்ட். நல்ல மார்க். அவள் பார்த்து வைத்திருந்த போன வருடத்து கட்-ஆஃபுக்கு மேலேயே வருகிறது. தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். என்ன படிக்கப் போகிறாள் என்று எல்லோரும் கேட்டார்கள். தாவரவியல், திருநெல்வேலியில் என்று தாரணியே சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

மே 17

நினைத்தது நடந்தால் நிம்மதி வர வேண்டும் அல்லவா. திருநெல்வேலிக்குப் போகிற பஸ் நேரமெல்லாம் விசாரித்து வைத்துவிட்டாள். சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரலாம் என்று எனக்குச் சொல்கிறாள், நான் கேட்கவே இல்லை. மாவுப் பாக்கெட் கட்ட உட்காருகிறாள். காட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாயாடிக்கொண்டிருந்த பிள்ளை, நான் எது சொன்னாலும் சரிம்மா என்கிறது. யாரோ சொந்தக்காரப் பிள்ளை லீவுக்கு வந்து தங்கியிருக்கிற மாதிரி இருக்கிறது.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

மே 30

ஜெசிந்தா டீச்சர் வீடு தேடி வந்துவிட்டார். விண்ணப்பிக்க இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன, தாரணி ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டார். இரண்டு வருடமாகத் திட்டம் போட்ட பிள்ளை, மார்க்கும் வந்த பிறகு விடலாமா, வீட்டில் யாராவது தடுக்கிறார்களா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் காப்பி டம்ளரோடு நின்றேன்.

“யாரும் ஒண்ணும் சொல்லல டீச்சர். எனக்கே பிடிக்காம போயிட்டு. காட்டு வேலையெல்லாம் எனக்கு ஒத்துவராதுன்னு தோணிச்சு” என்றாள் தாரணி.

பூ என்று சொல்லவில்லை. அம்மன் என்று சொல்லவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை. இவ்வளவுதானா நீ என்கிற மாதிரி டீச்சர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை என் மகள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். எனக்கு வர வேண்டிய பார்வை அது. டீச்சர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அடுப்படிக்குப் போய் அழுதேன். இதற்கு வெயில் காரணம் இல்லை.

ஜூன் 1

மனசு தெளியாவிட்டால் அம்மனிடம் இன்னொரு தடவை கேட்கிற பழக்கம் உண்டு என்று தாரணியிடம் சொன்னேன். அப்படி ஒரு பழக்கம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. தாரணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பூசாரியின் கைக்கட்டு அவிழ்ந்திருந்தது. ஆனாலும் நானே கட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டு அதே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெள்ளைப் பூவை வாங்கவே இல்லை. நூல் இரண்டு முறை நழுவியது. போன தடவை நழுவவில்லை. இந்தத் தடவை பூசாரியின் பேத்தி எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு.

அம்மன் மனசு மாறிவிட்டது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மிச்சப் பொட்டலத்தை எடுக்கக் கையை நீட்டினேன். தாரணி முந்திக்கொண்டாள். பிரிக்கவில்லை, கையில் வைத்து மூடிக்கொண்டாள். கிணற்றடிக்கு வந்ததும் கேட்டாள்.

“இதுலயும் சிவப்புதானம்மா?”

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“போன தடவ ரெண்டும் வெள்ளை. இங்கன நின்னுதான் பிரிச்சுப் பாத்தேன்.”

தெரிந்துகொண்டா இத்தனை நாள் மாவுப் பாக்கெட் கட்டினாய், ஏன் அப்போதே என் முகத்தில் வீசவில்லை என்று கேட்டேன். அவள் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டாள். அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

“அம்மன் முன்னால பொய் சொல்லுத அளவுக்கு நீ பயந்துருக்கே. அது தெரிஞ்ச பொறவு நான் எப்பிடிம்மா போக?”

நடுக் கோயிலில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். சாமி வந்துவிட்டது என்று நினைத்து யாரோ விபூதியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பூசிக்கொண்டேன், எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

ஜூன் 2

அம்மன் கோபிப்பாளா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் ஏமாற்றியவள் நான்தான். கோபம் இருந்தால் என்மேல் இருக்கட்டும், பிள்ளைமேல் வேண்டாம்.

பிரௌசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டாயிற்று. எந்தக் காலேஜை முதலில் போடுவது என்று அங்கே டைப் செய்த பெண் கேட்டது. தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மேட்டுப்பாளையம்” என்று நான்தான் சொன்னேன். அங்கிருந்து நேராக ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்குப் போய், பிள்ளை பொய் சொன்னது எனக்காக என்று சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் காப்பி போட்டுக் கொடுத்தார், குடித்தேன்.

ஜூலை 16

கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 19

தாரணியைச் சேர்த்துவிட்டுத் திரும்பினோம். துணைக்கு மதினி வந்தாள். காலேஜ் உள்ளே மரங்கள் அப்படி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை. தாரணி பலகையைப் பார்க்காமலே பெயர் சொல்லிக்கொண்டு நடந்தாள். குளிர் ஒன்றும் இல்லை, நம் ஊர் மாதிரிதான் வேர்க்கிறது. கொசு இருக்கிறது.

புறப்படும்போது அவள் அழுதாள், நான் அழவில்லை. பஸ் ஏறின பிறகு மதினிதான் பாவம், வழியெல்லாம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 20

மாவாட்டினேன். நாலு பாக்கெட் மிஞ்சியது.

ஆகஸ்ட் 22

வெள்ளிக்கிழமை. மதினி வீட்டுக்குப் படுக்கப் போகலாமா என்று நினைத்தேன், போகவில்லை. இந்த டைரியை முதலிலிருந்து வாசித்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது, வெயில், காலையில் சாப்பிடவில்லை. எத்தனை சாக்கு. பிள்ளையைக் கவனித்து எழுதச் சொன்னார்கள். பிள்ளையைப் பற்றி இதில் இருப்பது கால் ஆட்டியது மட்டும்தான், மிச்சமெல்லாம் நான்.

அவர் போன் வந்தது. பிள்ளை பேசினாளா, ஹாஸ்டல் எப்படி என்று விசாரித்தார். வைக்கப் போகும்போது ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

“நீங்க ஊருக்கு வாங்க” என்றேன்.

அடுத்த வருடம்தானே லீவு என்றார். லீவுக்கு இல்லை, மொத்தமாக வாருங்கள் என்றேன். உடம்புக்கு என்ன, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று பதறினார்.

“ஒண்ணும் இல்ல. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு. பதினேழு வருசமா இருக்கு. பிள்ளைய முன்னால நிறுத்தி மறைச்சு வச்சிருந்தேன், இப்ப அவ போயிட்டா.”

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“நீ ஒரு தடவகூடச் சொல்லலையே, முப்பிடாதி.”

நீங்கள் கேட்டபோதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியே பழகிவிட்டேன் என்றேன். வந்து என்ன வேலை பார்ப்பது, வண்டி ஓட்டுவதைத் தவிர தனக்கு ஒன்றும் தெரியாதே என்றார். மாவாட்டச் சொல்லித் தருகிறேன் என்றேன். சிரித்தார். சிரித்து முடித்ததும், முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பேசுவாரா, முதலாளி விடுவாரா, ஒன்றும் தெரியாது. வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், அதுவே போதும் என்று எழுத வந்தேன். போதாது. அவர் வர வேண்டும்.